ஒன்டாரியோவில் குடியேறியவரின் வீடு

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் புதிதாகக் குடியேறுவோர் பலருக்கு முதல் இருப்பிடமாக அமைவது, தனி வீடுகளின் தரைமட்டத்திற்குக் கீழே அமைத்து வாடகைக்கு விடப்படும் ‘பேஸ்மென்ட்’ எனும் நிலவறைக் குடியிருப்பாகும். டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில், 1980-களிலும் அதற்குப் பின்னும் இலங்கையிலிருந்து சென்றடைந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் கனடிய வாழ்வும் இத்தகைய நிலவறைகளில்தான் தொடங்கியது. வாடகை மலிவு என்பது உண்மையே. எனினும் தீ நேர்ந்தால் வெளியேற வழியும் புகையை உணர்ந்து ஒலிக்கும் கருவியும் உள்ளனவா என்று பாராமல் மலிவை மட்டும் கருதுவது அறிவுடைமையாகாது.

வாடகைக்கு வருபவருக்கு அங்குள்ள சட்டம் தரும் காப்பு பெரிது. 2018 ஏப்ரல் 30 முதல் பெரும்பாலான வாடகைக் குடியிருப்புகளுக்கு அரசு வகுத்த பொதுவான ஒப்பந்தப் படிவம் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. மாத வாடகைக்குக் குடியிருப்பவரிடம் வீட்டுக்காரர் கேட்கக்கூடிய முன்பணம் கடைசி மாத வாடகை மட்டுமே என்பதோடு, அதற்கு ஆண்டுதோறும் வட்டியும் தரவேண்டும். சுவர் பழுதுக்கென்றோ குழாய் உடைவுக்கென்றோ தனிப் பிணைத்தொகை பெறவும் இடமில்லை. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவருக்கு, ஒன்டாரியோ வீட்டுக்காரர் ஆறு மாத வாடகையை முன்கூட்டியே கேட்பது முறைகேடாகத் தோன்றுவதில்லை என்பதே இங்குள்ள இடர்.

வீடு வாங்குவதில் முதல் வரம்பு குடியுரிமை நிலை பற்றியது. 2023 ஜனவரி முதல், சில விலக்குகள் நீங்கலாக, குடிமக்களோ நிரந்தர வசிப்பிட உரிமை பெற்றோரோ அல்லாதவர்கள் நகர்ப்புறங்களில் குடியிருப்பு வீடு வாங்குவது தடை செய்யப்பட்டுள்ளது. நிரந்தர வசிப்பிட உரிமை பெற்றவரும், சொந்த ஊரில் எவ்வளவு நாணயமாகக் கடன் அடைத்தவராயினும், அங்கே தமக்கெனக் கடன் வரலாறு ஒன்றைப் புதிதாகக் கட்டியெழுப்ப வேண்டியவராகவே பெரும்பாலும் இருக்கிறார். ஆகவே அவ்வரலாறு உருவாகும் காலமாக, வாடகையில் கழியும் தொடக்க ஆண்டுகளை வீணென்று கருதுவதற்கில்லை.

கையிலிருந்து செலுத்தவேண்டிய தொகையும் விளம்பரம் காட்டுவதைவிடப் பெரிது. குறைந்தபட்ச முன்செலுத்துதொகை வீட்டு விலையின் முதல் 5 லட்சம் டாலருக்கு 5 விழுக்காடும் அதற்கு மேற்பட்ட பகுதிக்கு 10 விழுக்காடும் என்பதால், 8 லட்சம் டாலர் வீட்டுக்கு அது 55,000 டாலராகிறது. இது விலையில் 20 விழுக்காட்டுக்குக் குறைவாதலால், கடன் திரும்பாவிடில் வங்கிக்கு ஈடு செய்யும் காப்பீட்டுக்கான கட்டணமும் வாங்குபவர் தலையிலேயே விழுகிறது. டொராண்டோ நகருக்குள் வாங்கினால் சொத்து கைமாறுவதற்கான வரியை மாகாணமும் மாநகராட்சியும் தனித்தனியே வசூலிப்பதால், அதே வீட்டுக்கு மேலும் ஏறக்குறைய 25,000 டாலர் தேவைப்படும்; முதல் வீடு வாங்குவோருக்கு அதில் 8,475 டாலர் வரை தள்ளுபடி உண்டு.

கடன் 25 ஆண்டுகளில் அடைபடுமாறு வகுக்கப்பட்டாலும் வட்டி உறுதி செய்யப்படுவது பெரும்பாலும் ஐந்தாண்டுகளுக்கே. கனடிய மத்திய வங்கியின் அடிப்படை வட்டி 2022 தொடக்கத்தில் 0.25 விழுக்காடாக இருந்து 2023 ஜூலையில் 5 விழுக்காட்டை எட்டியபோது, வட்டி மலிவான காலத்தில் கடன் வாங்கி, அது உயர்ந்த காலத்தில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க நேர்ந்த குடும்பங்கள், ஒரு செங்கல்லும் கூடாத அதே வீட்டுக்கு முன்னிலும் அதிக மாதத் தவணையைக் கட்டவேண்டியதாயிற்று.