நிறமிழந்த கடற்சாமந்தி



கடற்சாமந்தி என்னும் பெயரைக் கேட்டவர்கள், கடலில் பூக்கும் மலர் ஒன்றைக் குறித்து நான் பேசப் போவதாக எண்ணினால் அதில் வியப்பில்லை. அடி பாறையில் ஒட்டியிருக்க, உடல் தண்டுபோல் நிமிர்ந்து நிற்க, உச்சியில் இதழ்கள் வட்டமாக விரிந்து அசைவதைக் கண்டால் யாருக்கும் மலரென்றே தோன்றும். ஆனால் அது மலரன்று, விலங்கு. சொறிமீனுக்கும் பவளத்துக்கும் நெருங்கிய உறவு. இதழ்களாகத் தோன்றுபவை உணர்கொம்புகள். அவற்றில் நஞ்சு தோய்ந்த நுண்ணிய கொட்டும் செல்கள் நிறைந்திருக்கின்றன. அந்த விலங்குக்கு மூளையில்லை, இதயமில்லை, கண்ணில்லை. உண்பதும் கழிப்பதும் ஒரே வாயினால்தான். இத்தகைய உயிருக்கு நோய் வந்தால் அதை எப்படி அறிவது? அறிந்தபின் என்ன செய்வது? இவற்றையே இன்று கூற விரும்புகிறேன்.

முதலில் இதன் ஆயுளைப் பற்றி ஒரு செய்தி. ஸ்காட்லாந்து நாட்டில் நார்த் பெரிக் என்னும் கடற்கரையில், ஜான் கிரஹாம் டாலியெல் என்ற இயற்கையியலார் 1828-ஆம் ஆண்டில் ஒரு சிறு கடற்சாமந்தியைப் பிடித்துக் கண்ணாடிக் குடுவையில் இட்டு வளர்த்தார். அவர் 1851-இல் காலமானார். கடற்சாமந்தியோ காலமாகவில்லை. ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்கு மாறி, கடைசியில் எடின்பரோ தாவரவியல் தோட்டத்தைச் சேர்ந்தவர்களின் பராமரிப்பில் இருந்து, 1887-இல்தான் இறந்தது. 59 ஆண்டுகள் குடுவை வாசம்! அதற்குப் ‘பாட்டி’ என்று செல்லப் பெயரும் வழங்கியது. வளர்த்தவர்கள் செய்த உபசாரம் பெரிதாக ஒன்றுமில்லை. கடல்நீரை மாற்றினார்கள், அவ்வப்போது சிறிது சிப்பியிறைச்சி கொடுத்தார்கள். அவ்வளவே.

ஆனால் அந்தப் பாட்டி குளிர்கடலில் பிறந்தவள். தன் உணவுக்கு வேறு யாரையும் நம்பியிராத இனத்தைச் சேர்ந்தவள். நம்முடைய வெப்பக் கடல்களில், பவளப் பாறைகளின் இடுக்குகளில் வாழும் பெரிய கடற்சாமந்திகள் பலவற்றின் வாழ்க்கை வேறு. அவை தம் உடலுக்குள்ளே குடியானவர்களை வைத்திருக்கின்றன. ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கே பருமனுள்ள பாசிகள் அவை. அவற்றின் மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறத்தைக் கண்டு, ஜெர்மானிய அறிஞர் கார்ல் பிராண்ட் 1881-இல் அவற்றுக்கு ‘சூசாந்தெல்லா’ என்று பெயரிட்டார். விலங்கின் செல்லுக்குள்ளேயே அவை தங்கி, சூரிய ஒளியைக் கொண்டு சர்க்கரைப் பொருள்களை ஆக்குகின்றன. அதில் பெரும்பகுதியை வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிடுகின்றன. வீட்டுக்காரர் கழிக்கும் அம்மோனியாவும் கரியமிலவாயுவும் அவற்றுக்கு எருவாகின்றன. குத்தகைக் கணக்கில் இவ்வளவு சுமுகமான ஏற்பாட்டை நம் கிராமங்களில் காண்பது அரிது.

இந்த ஏற்பாடு முறிவதையே வெளிறுதல் என்கிறோம். நீர் அளவுக்கு மீறிச் சூடானால், அதிலும் வெயில் கடுமையாக இருக்கும் வேளையில் சூடானால், பாசியின் ஒளிச்சேர்க்கைப் பொறி பழுதடைகிறது. அப்போது ஆக்சிஜனின் நச்சு வடிவங்கள் உண்டாகின்றன. அவை விலங்கின் செல்லையே தாக்கத் தொடங்கவும், விலங்கு பாசிகளை வெளியேற்றிவிடுகிறது. வெப்பம் மட்டுந்தான் காரணம் என்பதில்லை. நெடுநாள் இருள், உப்பின் அளவில் திடீர் மாற்றம், அசுத்த நீர் ஆகியவையும் இதைச் செய்யும். ஆஸ்திரேலியப் பவளப் பெருந்தடுப்பில் லோ தீவுகளுக்கு 1928-இல் சி. எம். யாங் என்பவர் தலைமையில் சென்ற ஆராய்ச்சிக் குழுவினர் பவளங்களை இருட்டில் அடைத்து வைத்துப் பார்த்தனர். பாசிகளை அவை இழந்ததைக் கண்டனர். பாசி போனபின் எஞ்சுவது விலங்கின் சொந்த உடல். அது கிட்டத்தட்ட நிறமற்றது. ஆகவே கடற்சாமந்தி பால்போல் வெளுத்தோ, கண்ணாடிபோல் தெளிந்தோ காட்சியளிக்கும்.

அந்தக் காட்சி அழகானது என்பதுதான் இதில் உள்ள வேதனை. பிடித்து, பையிலிட்டு, இருளில் அடைத்துப் பல நாள் பயணம் செய்வித்துக் கொண்டுவரப்பட்ட கடற்சாமந்தி, கடைத்தொட்டியின் நீல விளக்கில் வெள்ளி மலர்போல் ஒளிவிடும். பட்டினியின் நிறத்தை வாங்குவோர் அழகின் நிறமாகக் கொள்கின்றனர். வெளுத்தவற்றைச் சாயத்தில் தோய்த்து மஞ்சளாகவும் இளஞ்சிவப்பாகவும் விற்கும் கொடுமையும் உண்டு. சாயம் ஏறிய உடலில் ஒளி சரியாகப் புகாது. பாசி மீண்டும் தழைப்பதற்கிருந்த வழியும் அதனால் குறுகிவிடுகிறது.

எங்கள் தெருவில் கல்லூரி மாணவர் ஒருவர் இருக்கிறார். சென்ற ஆண்டு மே மாதம் ஒரு மாலையில் பிளாஸ்டிக் பையொன்றைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். “ஐயா, இது வெள்ளை ரகமாம். விலை அதிகம். என் தொட்டி வைத்து ஒரு மாதந்தான் ஆகிறது, நீங்கள் கொஞ்ச நாள் வைத்திருங்கள்” என்றார். பையில் இருந்தது குமிழ்நுனிக் கடற்சாமந்தி. என்டக்மியா குவாட்ரிகலர் என்பது அதன் விஞ்ஞானப் பெயர். நலமாக இருக்கும்போது பழுப்பு நிறத்தில், கொம்பு நுனிகள் குமிழ்போல் உப்பியிருக்கும். இதுவோ கழுவிய ஜவ்வரிசி போல் இருந்தது. வாய் சற்றே தளர்ந்து திறந்திருந்தது. ஆயினும் ஒரு நல்ல அறிகுறியைக் கண்டேன். அடித்தட்டு பையின் ஓரத்தை உறுதியாகப் பற்றியிருந்தது. கால் பற்றும் வரையில் நம்பிக்கைக்கு இடமுண்டு. பற்றும் வலியற்று, வாய் பிதுங்கி, துர்நாற்றம் வீசத் தொடங்கினால் அதை உடனே அகற்றிவிட வேண்டும். அழுகும் கடற்சாமந்தி ஓர் இரவில் தொட்டி முழுவதையும் நஞ்சாக்கிவிடும்.

அந்த மாணவர் தம் தொட்டியில் விடாதது பெரிய புத்திசாலித்தனம். புதுத் தொட்டியில், அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் போதிய அளவு குடியேறியிரா. என் தொட்டி இருநூறு லிட்டர் கொள்வது, நான்கு வயதானது. பைநீரில் தொட்டிநீரை மெல்லிய குழாய் வழியே சொட்டுச் சொட்டாக ஒன்றரை மணி நேரம் கலந்தபின், ஒரு பாறைப் பொந்தின் அருகே அதை இறக்கினேன். கடற்சாமந்தி நடக்கும் விலங்கு. இடம் பிடிக்காவிட்டால் ஊர்ந்து புறப்பட்டு, நீரோட்டப் பம்பில் சிக்கிச் சிதைந்துபோகும். ஆதலால் பம்பின் வாயைக் கடற்பஞ்சால் மூடியிருந்தேன்.

அதன்பின் முதல் எதிரி சென்னையின் கோடை. தொட்டிநீர் 31 டிகிரிக்குப் போகப் பார்த்தது. எனக்கு வேண்டியது 26. குளிரூட்டும் பொறியின் விலை என்னைப் போன்றவர்க்கு எட்டாது. நம் மண்பானை அறிந்த உபாயத்தையே கையாண்டேன். நீர்ப்பரப்பின்மீது இரண்டு சிறு மின்விசிறிகளை வீசச் செய்தால், நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் உடன் கொண்டுபோகிறது. அறைக்கதவைச் சாத்திப் பகலில் திரையும் இட்டேன். 27 டிகிரியில் நின்றது. ஆனால் ஆவியாவது நீர்தானே, உப்பு அன்று. குறைந்த அளவுக்குக் காலையும் மாலையும் நன்னீரை ஊற்றி, லிட்டருக்கு 35 கிராம் என்ற உப்பின் அளவு மாறாமல் காக்க வேண்டும். இந்தச் சின்ன வேலையை ஒருநாள் மறந்தாலும் மற்ற எல்லா உபசாரமும் வீண்.

அடுத்தது ஒளி. பாசி வளர ஒளி வேண்டும். ஆகவே விளக்கை முழு வலிமையில் எரித்தால் விரைவில் வளருமே என்று மாணவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் எஞ்சியிருக்கும் சில பாசிகள், மறைக்க நிறமொன்றும் இல்லாத உடலில் கடும் ஒளியை நேராக ஏற்க வேண்டியிருக்கிறது. நெடுநாள் நோயில் கிடந்தவனை நடுப்பகல் வெயிலில் நிறுத்துவது போன்றதாகும் அது. விளக்கை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து, நாள்தோறும் எட்டு மணி நேரம் என்று தொடங்கினேன். இரு வாரங்களுக்கு ஒருமுறை சிறிது கூட்டினேன்.

இனி உணவு. பாசி இல்லாத கடற்சாமந்தி, அடுப்பெரியாத வீடு. கையால் ஊட்டாவிட்டால் தன் உடலையே கரைத்து உயிர் வாழும். அதனால் நாளுக்கு நாள் சிறுத்துப் போகும். எனினும் பசித்தவன் என்று பெரிய விருந்து வைத்தால் அதுவும் ஆபத்தாக முடியும். உப்பிடாத புதிய இறாலை உரித்து, பாதி அரிசியளவுக்கு நறுக்கி, நீண்ட கண்ணாடிக் குழாயால் உணர்கொம்பின்மேல் மெல்ல வைத்தேன். நலமுள்ள கடற்சாமந்தியின் கொம்பு உணவை ஒட்டிப் பிடித்து வாய்ப்பக்கம் வளையும். இதன் கொம்போ அதைத் தொட்டதாகவே காட்டவில்லை. துண்டு உருண்டு விழுந்தது. முதல் வாரம் முழுவதும் இப்படியே. இரண்டாம் வாரம் ஒருநாள் விழுங்கியது. மறுநாள் காலையில் செரிக்காமல் வெளியே தள்ளியிருந்தது. துண்டை இன்னும் சிறிதாக்கி, ஏறக்குறைய விழுதாகவே அரைத்து, இரண்டு நாள் இடைவிட்டுக் கொடுத்தேன். தொட்டியிலிருந்த துறவி நண்டு அந்த வாயிலிருந்தே உணவைப் பறிக்க வந்தது. பெயர்தான் துறவி! அடிப்பாகத்தை வெட்டியெடுத்த பிளாஸ்டிக் பாட்டிலைக் கூண்டுபோல் கவிழ்த்து, மேல்வாய் வழியே ஊட்டிவிட்டு, அரைமணி கழித்துக் கூண்டை எடுப்பது என்று வழக்கப்படுத்திக்கொண்டேன்.

மூன்றாம் வார முடிவில், கொம்பு இறாலைப் பிடித்துக்கொண்டது. வளைந்தது. வாய் மூடிற்று. பார்த்துக்கொண்டிருந்த மாணவர் கைதட்டிவிட்டார். இரு நாள் கழிந்தும் உணவு திரும்பி வரவில்லை. அப்போதும் நிறத்தில் மாற்றமில்லை. வந்தபோது ஒரு சாண் அகலம் விரிந்த உடல், காப்பி டபராவின் வாயளவுக்குச் சுருங்கியிருந்தது. இந்தக் கட்டத்தில்தான் வளர்ப்போர் பலர் பொறுமையிழந்து மருந்து, சத்துநீர் என்று எதையாவது ஊற்றுகின்றனர். நீரின் நிலையை மாற்றாமல் வைத்திருப்பதைவிட மேலான மருந்து இதற்கு இல்லை என்பது என் கருத்து.

ஏழாவது வாரத்தில் ஒரு காலை, கொம்புகளின் அடிப்பகுதியில் தேநீர்க் கறைபோல் மெல்லிய நிழல் தெரிந்தது. கண்ணின் மயக்கமோ என்று வெள்ளைத் தாளைக் கண்ணாடிக்குப் பின்னே பிடித்துப் பார்த்தேன். மயக்கமன்று. உடலில் எங்கோ ஒளிந்திருந்த சில பாசிகள் இரண்டாகவும் நான்காகவும் பெருகத் தொடங்கியிருந்தன. அதன்பின் விரைவுதான். செப்டம்பர் மாத முடிவில் நுனி வரையில் பழுப்பு ஏறிவிட்டது. கொம்பு நுனிகளில் குமிழ்களும் வந்தன. ஊட்டுவதை வாரத்துக்கு ஒருமுறையாகக் குறைத்தேன்.

இவ்வளவும் ஓர் உயிருக்கு, ஒரு தொட்டிக்குள், மின்விசிறியும் கண்ணாடிக் குழாயும் கொண்டு செய்தது. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்துள்ள பவளப் பாறைகளில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கோடை வெப்பத்தால் பவளங்கள் பெருமளவில் வெளிறின. அங்கே இறால் ஊட்டுவார் யார்? நீர் காலத்தில் குளிர்ந்தால் மீளும், குளிராவிட்டால் மடியும். அதோடு நிற்பதில்லை. கடற்சாமந்தியைத் தவிர வேறு வீடறியாத கோமாளி மீன்களும் துன்புறுகின்றன. பசிபிக் கடலில் மூரேயா தீவருகே 2016-இல் கடற்சாமந்திகள் வெளிறியபோது, அவற்றில் வாழ்ந்த மீன்களின் இரத்தத்தில் வேதனையைக் காட்டும் ஹார்மோன் மிகுந்ததையும், அவை இட்ட முட்டைகள் வெகுவாகக் குறைந்ததையும் ஆராய்ச்சியாளர் கண்டனர்.

மீன் என்றதும் மாணவரின் அவசரம் நினைவுக்கு வருகிறது. ஜூன் மாதமே கோமாளி மீனை விடலாமா என்று கேட்டுவிட்டார். மீனின் கழிவிலுள்ள அம்மோனியா பாசிக்கு நல்ல எருதான். கடலில் அந்த மீன் தன் வீட்டைத் தின்ன வரும் மீன்களையும் விரட்டியடிக்கிறது. ஆனால் அது சும்மாயிருக்கும் விருந்தாளியன்று. இரவும் பகலும் கொம்புகளுக்குள் புகுந்து புரண்டு உரசும். தளர்ந்து கிடக்கும் கடற்சாமந்தி அதனால் மேலும் சுருங்கும். அக்டோபர் வரை காத்திருந்து ஒரு சோடி விட்டோம். பெரிய மீன் முதல்நாள் வாலை மட்டும் தீண்டிப் பார்த்தது. மறுநாள் வயிற்றை உரசியது. மூன்றாம் நாள் மாலையில் முழுவதும் உள்ளே சென்று மறைந்தது.

இந்தத் தை மாதம் கடற்சாமந்தியின் வாய்வட்டம் நீண்டு, நடுவே இடுங்கி, இரண்டு நாளில் இரண்டு உயிர்களாகப் பிளந்தது. இந்த இனம் பெருகும் வழிகளில் அதுவும் ஒன்று. காயம் ஆறும் வரை ஒரு மாதம் பொறுத்து, ஒன்றை அது பற்றியிருந்த கல்லோடு எடுத்து மாணவரிடம் கொடுத்தேன். அவருடைய தொட்டிக்கு அப்போது பத்து மாதம் நிறைந்திருந்தது. மின்விசிறிகள் இரண்டை அவர் முன்னதாகவே வாங்கிப் பொருத்தியிருந்தார்.