எம்டன் கப்பலும் அரிசி மணியும்

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஆற்றிய உரை)



“அவன் சரியான எம்டன்!” என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கெட்டிக்காரன், பொல்லாதவன் என்று பொருள். எம்டன் என்பது ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர். 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு அது சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைப் பீரங்கியால் சுட்டுக் கொளுத்தியது. பட்டணமே நடுங்கிப்போனது. சனங்கள் மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். அந்தப் பயத்தில் பிறந்த சொல்தான் இது.

அதே கப்பல் நம் பக்கத்துப் பினாங்குக்கும் வந்தது. 1914 அக்டோபர் 28, விடியற்காலை. எம்டனுக்குப் புகைபோக்கி மூன்றுதான். படுதாவைக் கொண்டு நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கி கட்டி, ஆங்கிலேயக் கப்பல் போல வேஷம் போட்டு உள்ளே நுழைந்தது. அங்கே நின்ற ரஷ்யக் கப்பல் ஜெம்சுக்கின் கேப்டன் கரையில் இருந்தார், காவலும் சரியில்லை. சிறிது நேரத்தில் கப்பல் மூழ்கியது. எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

இந்த எம்டனை ரெவல் கம்பெனி பிளாஸ்டிக் துண்டுகளாகப் பெட்டியில் போட்டு வெளியிட்டது. நாமே ஒட்டிச் சேர்க்க வேண்டும். “இது விளையாட்டுச் சாமான்தானே சார், படிப்புக்கு என்ன உதவும்?” என்று பெற்றோர் கேட்கலாம்.

மாணவர்களே, கணக்குப் போடுங்கள். மாதிரியின் அளவு 350க்கு 1. உண்மைக் கப்பலின் நீளம் சுமார் 118 மீட்டர். வகுத்தால் ஏறக்குறைய 34 சென்டிமீட்டர். உங்கள் ரூலரைவிடச் சற்று நீளம்! படத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். வரிசை தவறினால் துண்டு பொருந்தாது. பசை காயும்வரை பொறுக்க வேண்டும். விகிதக் கணக்கை இதைவிட நன்றாக எந்தக் கரும்பலகை சொல்லிக் கொடுக்கும்?

பெட்டி வாங்கக் கையில் காசில்லையா? கித்தாக் கட்டை, மணிலா அட்டை, கத்தி, ரூலர் போதும். பால் வெட்டிய தாய்மார்களே, தகப்பன்மார்களே, மரத்தில் காயம் படாமல் பட்டையில் கத்தி எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்பது உங்கள் கைக்குத் தெரியும். அந்த நிதானத்தைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். நம் பேராக்கிலேயே, லூமுட்டில் கப்பல் பட்டறை இருக்கிறது. அங்கே வேலை செய்யவும் வரைபடமும் அளவும் தெரிய வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த அளவில் ஒரு மனிதனின் உயரம் அரை சென்டிமீட்டர். ஓர் அரிசி மணி. எம்டனைச் செய்து முடித்ததும் பக்கத்தில் எண்பது அரிசி மணிகளை எண்ணி வையுங்கள். ஜெம்சுக்கில் மாண்டவர்களை அப்போது நினைத்துப் பாருங்கள். பினாங்கில் அவர்களுக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. எம்டனும் தப்பவில்லை. 1914 நவம்பர் 9ஆம் தேதி கோக்கோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அதை நொறுக்கியது. அதிலும் நூற்றுமுப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களும் ஏதோ ஒரு வீட்டுப் பிள்ளைகள்தாம்.

ஆகவே பெற்றோர்களே, வீட்டில் ஒரு மூலையைப் பிள்ளையின் கைவேலைக்கு விடுங்கள். குப்பை என்று கூட்டித் தள்ளாதீர்கள். முதல் கப்பல் கோணலாகத்தான் வரும். இரண்டாவதைச் செய்யச் சொல்லுங்கள்.