வாய்ப்பூட்டுச் சட்டமும் வளைகுடாத் தொழிலாளரும்

(வெளிநாடு சென்றுள்ள தொழிலாளர்களின் குடும்பத்தார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இங்கே மில்லில் வேலை செய்கிறவர்கள் வந்திருக்கிறீர்கள். நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள் வந்திருக்கிறீர்கள். உங்களில் பலர் வீட்டிலிருந்து ஒரு பிள்ளையோ மருமகனோ வளைகுடா நாட்டுக்குப் போயிருக்கிறான். சம்பளம் வராத மாதத்தில் போன் போட்டுக் கேட்டால், "எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன்" என்று சொல்லி வைத்துவிடுகிறான். அவனுக்குப் பேசத் தெரியாதா? தெரியும். பேசினால் என்ன நேரும் என்பதும் தெரியும். அதனால்தான் வைத்துவிடுகிறான்.

ஒரு நாட்டில் பிழைக்கப்போன அந்நியன், அந்த நாட்டில் நடக்கும் அநியாயத்தை எடுத்துச் சொல்லலாமா, கூடாதா? சர்க்கார் ஒரு பத்திரிகையையோ இணையதளத்தையோ ஜனங்கள் கண்ணில் படாமல் மூடினால், அதனால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்? இவை இரண்டும் வெவ்வேறு கேள்விகள் போலத் தோன்றும். இரண்டும் ஒரே பூட்டின் இரண்டு சாவிகள் என்பதுதான் நாம் சொல்ல வந்தது.

மதகை இறக்கியவர்கள்

கத்தார் ஒரு சிறிய நாடு. எண்ணெயும் எரிவாயுவும் கொழிக்கிற நாடு. அங்கே வசிப்பவர்களில் ஏறக்குறைய பத்துக்கு ஒன்பது பேர் வெளிநாட்டார். இந்தியா, நேபாளம், வங்கதேசம், இலங்கை, கென்யா என்று பல தேசத்து ஏழைகளின் கைகள்தான் அந்த நாட்டைக் கட்டின. 2022இல் உலகக் கால்பந்துப் போட்டி அங்கே நடந்ததே, அந்த மைதானங்களையும் சாலைகளையும் ரயில் பாதையையும் கட்டியவர்களும் இவர்கள்தான்.

அந்த நாட்டில் 'தோஹா நியூஸ்' என்று ஆங்கிலத்தில் ஓர் இணையப் பத்திரிகை. உள்ளூர்ச் செய்திகளை ஒளிக்காமல் எழுதிவந்தது. 2016 நவம்பர் 30 அன்று, நாட்டிலிருந்த இரண்டு தொலைபேசிக் கம்பெனிகளிலும் ஒரே சமயத்தில் அந்தப் பத்திரிகை தெரியாமல் போயிற்று. வெளிநாட்டிலிருந்து பார்த்தால் தெரிந்தது. கத்தாருக்குள் இருந்தவன் பார்த்தால் தெரியவில்லை. பத்திரிகைக்காரர்கள் வேறொரு முகவரியில் வெளியிட்டார்கள், அதுவும் மூடப்பட்டது. உரிமம் இல்லை என்று சர்க்கார் தரப்பில் காரணம் சொன்னார்கள்.

வெள்ளைக்காரன் ஆட்சியில் பத்திரிகையை அடக்க 1910இலும் 1931இலும் சட்டம் போட்டார்கள். ஜாமீன் தொகை கட்டு என்றார்கள். கட்டிய தொகையைப் பறிமுதல் செய்தார்கள். போலீஸ் வந்து அச்சகத்துக்குச் சீல் வைத்தது. அதையாவது ஊரே பார்த்தது. இன்றைய பூட்டு அப்படியல்ல. ஏரியில் தண்ணீர் நிறைந்திருந்தாலும் மதகை இறக்கிவிட்டால் கடைமடைக்கு ஒரு சொட்டும் வராது. அதைப் போல, நம் கையிலுள்ள போனுக்கும் உலகத்துக்கும் நடுவே கம்பெனியின் மதகு இருக்கிறது. சர்க்கார் ஒரு வார்த்தை சொன்னால் மதகு இறங்குகிறது. படிக்க முயன்றவன், தன் போனில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்கிறான். தன் உரிமை பறிபோனது அவனுக்கே தெரிவதில்லை.

ஒரு காவல்காரரின் எழுத்து

கென்யாவிலிருந்து கத்தாருக்குக் காவல் வேலைக்குப் போனவர் மால்கம் பிடாலி. நெருக்கமான தங்குமிடம், நீண்ட வேலை நேரம், கம்பெனியின் நடத்தை ஆகியவற்றைப் பற்றி நோவா என்ற புனைபெயரில் எழுதினார். 2021 மே 4ஆம் தேதி இரவு அவருடைய தங்குமிடத்துக்கே வந்து அதிகாரிகள் பிடித்துப் போனார்கள். ஏறக்குறைய ஒரு மாதம் தனிமைச் சிறை. பொய்ச் செய்தி பரப்பினார் என்று இணையக் குற்றச் சட்டத்தின்படி 25,000 ரியால் அபராதம். அதைக் கட்டிய பிறகுதான் அந்த ஆகஸ்டில் நாட்டை விட்டு வர முடிந்தது.

இந்த 25,000 ரியாலைச் சற்றுக் கணக்குப் பாருங்கள், தோழர்களே. அதே 2021 மார்ச்சில் கத்தாரில் அமலுக்கு வந்த குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் மாதம் 1,000 ரியால். அப்படியானால் இந்த அபராதம் ஒரு சாதாரணத் தொழிலாளியின் 25 மாத அடிப்படைச் சம்பளம்! படுக்க இடம் போதவில்லை என்று எழுதியதற்கு இரண்டு வருஷத்து உழைப்பு விலை. இது ஒருவருக்கு விதித்த தண்டனையா, ஆயிரமாயிரம் பேருக்கு விடுத்த எச்சரிக்கையா?

ஏன் தனியாளாக எழுதினார், சங்கத்தில் சேர்ந்து கேட்கக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். சங்கமா! அந்த நாட்டின் 2004ஆம் வருஷத்துத் தொழிலாளர் சட்டப்படி, சங்கம் வைக்கும் உரிமை கத்தார் பிரஜைகளுக்கு மட்டுந்தான். மூட்டை தூக்குகிறவனும் கலவை போடுகிறவனும் பிரஜைகள் அல்ல. 2022 ஆகஸ்டில் சம்பளப் பாக்கிக்காகத் தொழிலாளர்கள் தோஹாவில் தெருவுக்கு வந்தார்கள். குறைந்தது 60 பேர் பிடிக்கப்பட்டார்கள். சிலர் ஊருக்கே அனுப்பப்பட்டார்கள். சங்கம் இல்லை, ஊர்வலம் இல்லை; மிச்சமிருப்பது எழுத்து ஒன்றே. அந்த எழுத்துக்கும் பூட்டு என்றால், சம்பளத்தைப் பிடித்துவைக்கும் முதலாளிக்கு அதைவிட வேறென்ன காவல் வேண்டும்?

அண்டையிலுள்ள ஐக்கிய அரபு எமிரேட்ஸில் நடந்ததையும் கேளுங்கள். 2024 ஜூலையில் வங்கதேசத் தொழிலாளர்கள் அங்கே தெருவில் கூடினார்கள். எதிர்த்தது அந்த நாட்டையும் அல்ல. மாணவர்களைச் சுட்ட தங்கள் சொந்த நாட்டுச் சர்க்காரை! இரண்டொரு நாளிலேயே 57 பேருக்குத் தண்டனை. மூவருக்கு ஆயுள், 53 பேருக்குப் பத்து வருஷம், ஒருவருக்குப் பதினொரு வருஷம். டாக்காவில் ஆட்சி மாறியது. புதிய சர்க்கார் கேட்டுக்கொண்டது. செப்டம்பரில் மன்னிப்புக் கிடைத்தது. விடுதலையாவது வந்ததே என்று சந்தோஷப்படுகிறோம். ஆனால் அது மன்னிப்பாக வந்தது, உரிமையாக வரவில்லை.

விருந்தாளியா, வேலையாளா?

"விருந்துக்குப் போன வீட்டில் குறை சொல்லலாமா?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். விருந்தாளியின் பாஸ்போர்ட்டை வாங்கிப் பெட்டியில் பூட்டுகிற வீடு எங்கே உண்டு? விருந்தாளியை வெயிலில் நிறுத்திக் கல் சுமக்கச் சொல்வார்களா? நம் பிள்ளை போனது விருந்துக்கல்ல, உழைப்பை விற்க. வாங்கியவன் விலையைக் கொடுக்காவிட்டால் கேட்கிற உரிமை விற்றவனுக்கு உண்டு.

"பிடிக்காவிட்டால் திரும்பி வரவேண்டியதுதானே" என்பது இன்னொரு வாதம். எதைக் கொண்டு திரும்புவது? ஏஜெண்டுக்குக் கொடுக்க அடகுவைத்த நகை வட்டிக் கடையில் இருக்கிறது. கடன் அடையாமல் திரும்பினால் வாசலில் நிற்பவன் கடன்காரன்.

"அந்நியன் வந்து எங்கள் நாட்டை இழிவுபடுத்துகிறான்" என்பது மூன்றாவது வாதம். ஒரு நாட்டு ஜனங்களையோ அவர்களுடைய மதத்தையோ பழித்துப் பேசுவது வேறு. கூலியைக் கேட்பது வேறு. கத்தார் ஜனங்கள் நமக்கு விரோதிகள் அல்ல. குறையைச் சொன்னதால் அந்த நாடு கெட்டுப்போகவும் இல்லை. 2014இல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தில் கத்தார்மீது தொழிலாளர் பிரதிநிதிகள் புகார் கொடுத்தார்கள். உலகெங்கும் கண்டனம் எழுந்தது. பிறகுதான் நாட்டை விட்டு வெளியேற முதலாளியின் அனுமதி வேண்டும் என்ற விதி 2018இல் பெரும்பாலோருக்கு நீக்கப்பட்டது. வேலை மாறப் பழைய முதலாளியின் ஒப்புதல் வேண்டும் என்ற விதி 2020இல் போயிற்று. எல்லாம் சரியாகிவிட்டது என்று நாம் சொல்லவில்லை. வாய் திறந்ததால் வந்த நன்மை இது என்கிறோம்.

நமக்குப் புதிதல்ல

இந்தப் பூட்டை நம் பாட்டன்மார் பார்த்திருக்கிறார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கங்காணியோடு போன தமிழன், தோட்டம் மாற வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். கடன் தீரவில்லையென்றால் துண்டு கிடைக்காது. 1921இல்தான் அந்த முறை ஒழிந்தது.

லண்டனில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்த மார்க் அந்தோணி பிரேஸ்கேர்டில் என்ற இளைஞர், 1936இல் அந்தத் தோட்டங்களில் துரைத்தனம் பழகப் போனார். கூலிகள் படும் பாட்டைக் கண்டு அவர்கள் பக்கம் நின்றார். 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டிக் கூட்டத்தில் தோட்டத் துரைமாரைக் கண்டித்துப் பேசினார். 48 மணி நேரத்தில் நாட்டை விட்டு வெளியேறு என்று கவர்னர் உத்தரவிட்டார். லங்கா சமசமாஜக் கட்சித் தோழர்கள் அவரை மறைத்துக் காத்தார்கள். கொழும்பில் பெருங்கூட்டம் கூட்டினார்கள். மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவு செல்லாது என்றது. நம்மவர் கூலிக்காக ஓர் அந்நியர் பேசினார். இலங்கை ஜனங்கள் அவரை விட்டுக்கொடுக்கவில்லை. இந்தக் கடன் நமக்கு உண்டு.

மலாயாவில் கிள்ளான் ரப்பர்த் தோட்டத் தொழிலாளரைத் திரட்டியவர் ஆர். எச். நாதன், 'தமிழ் நேசன்' பத்திரிகையில் வேலை பார்த்தவர். கூலி உயர்வு கேட்டதோடு, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தையும் அந்தத் தொழிலாளர்கள் எதிர்த்தார்கள். 1941 மே மாதம் நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடுகடத்தினார்கள். எதிர்த்த தொழிலாளர்மீது துப்பாக்கிச் சூடு, உயிர்கள் போயின. அன்று நாதனும் அங்கே 'அந்நியன்'தான்.

நம் வீட்டு வாசல்

பிறர் வீட்டைச் சொல்கிற நாம் நம் வாசலையும் பார்க்க வேண்டும். 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துச் சென்னையில் நடந்த ஆர்ப்பாட்டத்தில் கலந்துகொண்ட ஒரு ஜெர்மன் மாணவரை நாட்டை விட்டுப் போகச் சொன்னார்கள். கல்கத்தாவில் ஒரு போலந்து மாணவருக்கும் அப்படி நோட்டீஸ் வந்தது. 2020 மார்ச்சில் கல்கத்தா ஹைகோர்ட் அதை ரத்து செய்தது. இணையதளங்களை மூடச் சொல்ல மத்திய சர்க்காருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு அதிகாரம் தருகிறது. அந்த நடவடிக்கைகளை இரகசியமாக வைக்க 2009ஆம் வருஷத்து விதிகள் வழி செய்கின்றன. எந்தத் தேசத்தில், எந்த நிறக் கொடியின் கீழ் நடந்தாலும், காரணம் சொல்லாமல் போடுகிற பூட்டு ஏழையின் வாயில்தான் கடைசியில் விழும்.

செய்ய வேண்டியது

முதலாவது: அங்கே இருக்கும் பிள்ளையை, "நீ எழுது, நீ கேள்" என்று தனியாகத் தள்ளாதீர்கள். ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, பாஸ்போர்ட் நகல் இவற்றை இங்கே அனுப்பி வைக்கச் சொல்லுங்கள். அவற்றைக் கொண்டு இங்கிருந்து சங்கத்தின் மூலம் மனுக் கொடுக்கலாம், கேட்கலாம், பேசலாம்.

இரண்டாவது: குறை சொன்னதற்காகச் சிறைப்படும் நம் தொழிலாளிக்கு நம் தூதரகம் வக்கீல் வைத்துக் கொடுக்க வேண்டும். ஆளனுப்ப ஒப்பந்தம் போடுகிற மத்திய சர்க்கார், புகார் சொன்னவனைத் தண்டிக்கக் கூடாது என்ற ஷரத்தையும் அதில் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது: இணையதளத்தை மூடும் உத்தரவு எதுவானாலும் காரணத்தோடு பகிரங்கமாக வெளியிட வேண்டும்; பாதிக்கப்பட்டவர் கோர்ட்டில் வழக்காட வழி இருக்க வேண்டும்.

தோழர்களே! அங்கே அவன் வாயில் பூட்டு. இங்கே நமக்கு இன்னும் வாய் இருக்கிறது. அந்த வாயைக் காப்பாற்றிக்கொள்வதும், அவனுக்காக அதைத் திறப்பதும் நம் வேலை. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அவனுடைய ஒப்பந்தத்தின் நகலைக் கையோடு கொண்டு வாருங்கள். முதல் மனுவை அன்றே எழுதத் தொடங்குவோம்.