எழுதுகோலைப் பறியாத உதவி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று பேசுவதற்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் எழுத்து. எழுத்து என்றவுடன் காவியத்தை நினையாதீர்கள். ஒரு விண்ணப்பம், ஒரு முறைப்பாடு, தூரதேசத்திலிருக்கும் மகனுக்கு ஒரு கடிதம், காலஞ்சென்ற தகப்பனாரின் கல்வெட்டிலே சேர்ப்பதற்கு நாலு வரி, இவற்றையே நான் கருதுகின்றேன். நம்மவருட் பலர் பத்தாண்டு பள்ளிக்கூடம் சென்றவர்கள். ஆயினும் இவற்றுள் ஒன்றை எழுதவேண்டிய நாளிலே வேறொருவரைத் தேடி ஓடுகின்றார்கள். அவர் எழுதிக் கொடுக்கின்றார். இவர் கையொப்பம் இடுகின்றார். தம்முடைய துயரம் எந்தச் சொற்களாற் சொல்லப்பட்டது என்பதை அறியாமலே வீடு திரும்புகின்றார். இதைச் சிறு குறையென்று நான் எண்ணவில்லை.

இக்குறையை வேறொரு தேசத்தார் எங்ஙனம் எதிர்கொண்டார்கள் என்று பார்ப்போம். அமெரிக்காவிலே கல்லூரிகள் பலவற்றில் எழுத்து நிலையம் என்று ஓர் இடம் உண்டு. அயோவா, மினசோட்டா ஆகிய பல்கலைக்கழகங்களில் 1930 களிலேயே இதன் வித்து ஊன்றப்பட்டது. ஆனால் அது ஓர் இயக்கமாகப் பரவியது 1970 இன் பின்னரேயாம். அவ்வாண்டிலே நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகம், நகரத்து உயர்பள்ளிகளிற் படித்துத் தேறிய யாவருக்கும் தன் வாயிலைத் திறந்துவிட்டது. ஏழை வீட்டுப் பிள்ளைகளும், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத பிள்ளைகளும் திரளாக வந்தார்கள். அவர்கள் எழுதிய கட்டுரைகளைக் கண்ட ஆசிரியர் சிலர், இவர்கள் படிப்புக்கு உதவார் என்று கைவிரித்தனர்.

அங்கே கற்பித்த மைனா ஷோனசி என்னும் அம்மையார் அப்படிச் செய்யவில்லை. ஏறக்குறைய 4000 கட்டுரைகளை எடுத்து, பிழைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். 1977 ஆம் ஆண்டிலே நூலாக வெளியிட்டார். அவர் கண்ட உண்மை எளியது. பிழை சோம்பலாற் பிறப்பதன்று, மூடத்தனத்தாற் பிறப்பதுமன்று. ஒவ்வொரு பிழைக்கும் பின்னால் எழுதியவர் தமக்கென வகுத்துக்கொண்ட ஒரு நியாயம் இருக்கின்றது. அந்நியாயத்தைக் கண்டுபிடித்தவனே திருத்த வல்லவன்.

அக்காலத்திலே புரூக்ளின் கல்லூரியிலிருந்த கெனத் புரூவி என்பவர், மாணவருக்கு மாணவரே துணையாகும் முறையை வளர்த்தார். 1984 இலே ஸ்ரீவன் நோர்த் என்பவர் இந்நிலையங்களின் கொள்கையைத் தெளிவாக உரைத்தார். நல்ல கட்டுரையை உண்டாக்குவது எழுத்து நிலையத்தின் வேலையன்று. நன்றாக எழுதவல்ல மனிதரை உண்டாக்குவதே அதன் வேலை என்பது அவர் கருத்து.

இதனினும் ஒருபடி மேலே சென்றது, யூற்றா மாநிலத்துச் சோல்ற் லேக் நகரிலுள்ள சமுதாயக் கல்லூரி. 2001 ஆம் ஆண்டிலே, தன் மாணவரல்லாத ஊர்மக்களுக்காகவே ஓர் எழுத்து நிலையத்தைத் திறந்தது. அங்கே குறுகிய கால வகுப்புகள் நடந்தன. தனியே வருபவருக்குத் துணை கிடைத்தது. ஊரிலுள்ள சங்கங்களோடு சேர்ந்து எழுத்துக் குழுக்கள் அமைந்தன. குழுவினர் எழுதியவற்றைச் சபையிலே வாசித்தார்கள். தொகுத்து நூலாகவும் வெளியிட்டார்கள். அதனை முன்னின்று நடத்திய டிபனி ரௌஸ்கல்ப் அம்மையார், 2014 இல் எழுதிய நூலிலே தம் பணியின் அடிப்படை மதிப்பே என்கின்றார். வருபவரைக் குறையுள்ளவராகக் கருதித் திருத்தப் புகாமல், தம் தேவையைத் தாமே அறிந்தவராகக் கருதி உடனிருத்தல் என்பது அதன் பொருள்.

இத்தகைய நிலையத்திலே வேலை எப்படி நடக்கின்றது? எழுதுகோல் எழுதியவர் கையிலேயே இருக்கும். அவர் தாம் எழுதியதை உரக்க வாசிப்பார். துணைவர் கேட்பார்: இதை யாருக்கு எழுதுகின்றீர்? வாசித்தபின் அவர் என்ன செய்யவேண்டும் என்று விரும்புகின்றீர்? இந்த இடத்திலே என்ன நடந்தது? விடை சொல்லும்போதே, விட்டுப்போன செய்தி எழுதியவருக்குப் புலப்படும். எழுத்துப்பிழையும் சந்தியும் கடைசியில்.

"பிழையைக் கண்டும் பொறுத்திருப்பதா? நாவலர் பெருமான் பிறந்த மண்ணல்லவா இது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பிழை திருத்தப்படத்தான் வேண்டும். ஆனால் எழுதியவர் தம் கையாலே திருத்தவேண்டும். அப்போதுதான் அடுத்த கடிதத்தில் அப்பிழை வராது. விண்ணப்ப முடிவுநாள் நாளை என்றிருக்க, ஒரு விதவைத் தாயார் வந்து நின்றால் அவரை வகுப்பில் இருத்தலாமோ? ஆகாது. அன்று நாமே எழுதிக் கொடுப்போம். ஆயினும் முழுவதையும் அவருக்கு வாசித்துக் காட்டி, "அம்மா, நீங்கள் சொன்னது இதுதானா?" என்று கேட்டபின்பே கையொப்பம் பெறுவோம். கேட்டவுடன் கடிதம் எழுதித்தரும் பொறி கைத்தொலைபேசியிலே வந்துவிட்ட இக்காலத்தில், இந்தக் கேள்வி முன்னையினும் அவசியமாகின்றது.

இவையெல்லாம் நமக்கு முற்றிலும் புதியனவல்ல. நம் கோயில்களிலே புராணபடனம் நடக்கும்போது ஒருவர் வாசிக்கின்றார், ஒருவர் பயன் சொல்கின்றார், சபை கேட்கின்றது. விசயதசமியன்று ஏடு தொடக்கும் குருவானவர் குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியிலே எழுதுவிக்கின்றார். விரலைப் பிடிப்பது ஒரு நாளைக்கே. பிடித்த கையை என்றைக்கும் விடாவிட்டால் அக்குழந்தை எழுதப் பழகுமா?

ஆதலால் இளைஞர்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். நமது வாசிகசாலையிலே ஒரு மேசையை ஒதுக்குங்கள். வாரத்தில் ஒரு மாலை, இரண்டு மணிநேரம், இருவர் அங்கே அமருங்கள். மூன்று விதிகள் போதும். வந்தவரின் பிழையைக் கண்டு நகைக்கலாகாது. அவர் செய்தியை வெளியிலே பேசலாகாது. அவர் கையிலுள்ள எழுதுகோலைப் பறிக்கலாகாது. மாதத்தில் ஒருநாள், வயதுவந்தோர் ஒன்றுகூடித் தாம் எழுதியதை வாசிக்கட்டும். கடலோடியும் கமக்காரரும் தாய்மாரும் எழுதியவற்றுள் நல்லனவற்றை அடுத்த ஆண்டு மலரிலே சேருங்கள். புலவர்களின் கட்டுரைகளுக்குப் பக்கத்திலே அவை இருப்பதால் மலரின் மதிப்புக் குறையாது, கூடும்.

இப்பணிக்குப் பெரும்பணம் வேண்டியதில்லை. பொறுமையுள்ள இருவர் வேண்டும். அவ்விருவர் இச்சபையிலே இருக்கின்றார்கள் என்று நம்பி, கலைமகளின் திருவடிகளை வணங்கி அமைகின்றேன்.