கடல் கொண்ட நகரும் ஒரு காதற் கதையும்

செங்கற்பட்டிலே பிறந்து வளர்ந்தவன் நான். செங்கழுநீர்ப்பட்டு என்பதே எங்கள் ஊரின் பழம்பெயர் என்பர். ஆனால் சிறு வயதில் அந்த ஊர்த் தண்ணீரைக் கண்டால் எங்களுக்குப் பூ நினைவுக்கு வந்ததில்லை. மோகினிதான் நினைவுக்கு வந்தாள். "உச்சிப் பொழுதில் கொளவாய் ஏரிப் பக்கம் போகாதேடா, தலைவிரித்த பெண்ணொருத்தி எழுந்து பேர் சொல்லிக் கூப்பிடுவாள், திரும்பிப் பார்த்தாயோ, போயிற்று!" என்பாள் பாட்டி. நான் பல நாள் போனேன்; திரும்பியும் பார்த்தேன். ஒருத்தியும் அழைக்கவில்லை. ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மோகினிக்கும் உண்டல்லவா?

இந்த அச்சம் பாட்டியோடு பிறந்ததன்று. அணங்கு என்றும் சூரரமகள் என்றும் சங்கப் பாடல்களில் வரும் பெண்கள் மலையிலும் சுனையிலும் உறைந்து, கண்டோரை நடுங்கச் செய்பவர்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த அணங்கு என்ற சொல்லே காதலுக்கும் பயன்பட்டது. திருக்குறளில் காமத்துப்பாலின் முதல் அதிகாரத்திற்குப் பெயரே தகையணங்குறுத்தல். ஆக, அஞ்சத்தக்கவளும் காதலிக்கத்தக்கவளும் ஒருத்தியே என்பது நம்மவர் நெடுங்காலமாக அறிந்த செய்தி.

அப்படிப்பட்ட ஒருத்தியின் கதை எங்கள் ஊரிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் சென்றால் எட்டிவிடக்கூடிய மாமல்லபுரத்திலே வழங்கி வந்தது. அதை எழுதி வைத்தவர் வில்லியம் சேம்பர்ஸ் என்னும் ஆங்கிலேயர். 1772-லும் 1776-லும் அவர் அங்கே சென்றார். பார்த்ததை அப்போதே குறித்துக்கொள்ளவில்லை. நினைவிலிருந்து பின்னர் எழுதினார். அக்கட்டுரை 1788-இல் கல்கத்தாவில் 'ஆசிய ஆராய்ச்சிகள்' முதல் தொகுதியில் வெளிவந்தது.

கதை இது. மாமல்லபுரத்து அரசன் ஒருவன். சேம்பர்ஸ் எழுத்தில் அவன் பெயர் 'மலெசெரென்' என்று உருக்குலைந்து நிற்கிறது. நகரத்துப் பூங்காவில் ஒரு நீரூற்று; அதன் தெளிவுக்கு ஆசைப்பட்டு வானுலகத்து மங்கையர் இருவர் நீராட இறங்கி வந்தனர். அவர்களில் ஒருத்தி மேல் அரசன் மையல் கொண்டான். அவளும் இசைந்தாள். சந்திப்புகள் தொடர்ந்தன. ஒருநாள் அம்மங்கையர் தம்முடன் தேவன் ஒருவனையும் அழைத்து வந்தார்கள். அவனும் அரசனும் உற்ற நண்பராயினர். காதலி கிடைத்த பிறகு அவளுடைய ஊரைப் பார்க்கவேண்டும் என்று தோன்றாத ஆண்மகன் உண்டோ? "இந்திர சபையை எனக்குக் காட்டு" என்று நண்பனை நச்சரித்தான் அரசன். மானிடர் எவரும் பெறாத பேறு அது. நண்பன் அவனுக்கு மாறுவேடம் புனைவித்து அழைத்துச் சென்றான்.

என்ன வேடம் என்று சேம்பர்ஸ் சொல்லவில்லை. என் மனக்கண்ணில் மட்டும், மண்ணுலக மன்னன் ஒருவன் தேவனைப் போல இமையாமல் விழித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, சபையின் கடைசி வரிசையில் நிற்கிறான்.

அகப்பட்டுக்கொள்ளாமல் திரும்பினான். அதுவே வினையாயிற்று. மேலே கண்டதையெல்லாம் கீழே கட்டத் தொடங்கினான். உலகில் நிகரில்லாத நகரம் என்று மாமல்லபுரம் பெயர் பெற்றது. அந்தப் புகழ் இந்திர சபைக்கு எட்டியது. தேவர்கள் பொறாமை கொண்டு கடலரசனுக்கு ஆணையிட்டார்கள்; அலை எழுந்து நகரை மூடிற்று. ஆங்கிலக் கவி இராபர்ட் சதே 1810-இல் வெளியிட்ட 'கெகாமாவின் சாபம்' என்ற நெடும்பாட்டில், கடலடியில் கிடக்கும் இந்நகரைத் தம் நாட்டாருக்குக் காட்டினார்.

மாணவர்களே, இந்தக் கதையை மணிமேகலையோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். அங்கே சோழன் நெடுமுடிக்கிள்ளி புகாரின் சோலையில் தனித்து நின்ற ஒருத்தியைக் காண்கிறான். அவள் நாகநாட்டு இளவரசி பீலிவளை. ஒரு திங்கள் அவனோடு வாழ்ந்தும் தான் யார் என்பதைச் சொல்லாமலே மறைந்து விடுகிறாள். இங்கே வேடமிட்டவன் அரசன். அங்கே மறைந்து வாழ்ந்தவள் பெண். பின்னர் அவள் பெற்ற குழந்தையை ஏற்றிவந்த கப்பல் கவிழ்கிறது. மகனைத் தேடி அலைந்த மன்னன் இந்திர விழாவை மறக்கிறான். புகாரைக் கடல் கொள்கிறது. இதே கதையின் வேறொரு வடிவத்தை நச்சினார்க்கினியர் பெரும்பாணாற்றுப்படை உரையில் தருகிறார். தொண்டைக்கொடியை அடையாளமாகக் கட்டி நாகமங்கை கடலில் விட்ட பிள்ளை கரை சேர்ந்தான். திரை தந்தமையால் திரையன் ஆனான். அவனே தொண்டைமான் இளந்திரையன் என்பது அது. எங்கள் தொண்டை மண்டலத்துக்கே ஒரு மாயக்காரி பாட்டியாகிறாள்!

இரு கதையிலும் காதல், இரு கதையிலும் இந்திரன், இரு கதையிலும் கடல். ஆனால் பழியை யார் மேல் போடுவது? மோகினியை நம்பினால் ஊர் அழியும் என்று பாட்டி தீர்ப்புச் சொல்லிவிடுவாள். எனக்கு அது ஒப்பவில்லை. பீலிவளை பிள்ளையைத் தந்தையிடம் சேர்க்கவே முயன்றாள். மாமல்லபுரத்து மங்கை செய்ததெல்லாம் நீராட வந்ததும், விரும்பியவனுக்கு மனம் கொடுத்ததுமே. பேராசைப்பட்டவன் மன்னன், பொறாமைப்பட்டவர்கள் தேவர்கள். அஞ்சப்பட்டவள் மட்டும் அவளாக இருக்கிறாள்!

கதை கிடக்கட்டும், கடலுக்குள் ஏதேனும் உண்டா என்று கேட்பீர்கள். கோபுர முடிகள் நடுக்கடலில் தெரிந்ததை முதியோர் கண்டிருந்தனர் என்றும், செம்பு வேய்ந்த அவை உதயத்தில் மின்னியதாகவும், பின்னர்க் களிம்பேறி ஒளி மங்கியதாகவும் சேம்பர்ஸ் கேள்விப்பட்டார். 2002-இல் தேசியக் கடலியல் நிறுவனத்தார் மூழ்கிப் பார்த்தபோது, கரைக்கு 500 முதல் 700 மீட்டர் அப்பால், 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில் சுவர்ப் பகுதிகளையும் செதுக்கிய கற்களையும் கண்டனர். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலைக்கு முன் கடல் உள்வாங்கியபோது, கல் வரிசைகள் வெளிப்பட்டதைக் கரையில் நின்றோர் பார்த்தனர். அதன் பின்னர், 2005-இல் தொடங்கிய அகழ்வில், பக்கத்துச் சாளுவன்குப்பத்தில் பல்லவர் காலத்து முருகன் கோயிலும், அதன் அடியில் அதற்கும் முற்பட்ட செங்கற் கோயிலும் வெளிவந்தன. அவை கடற்சீற்றத்தால் வீழ்ந்தன என்பது அகழ்ந்தோர் கருத்து. பொன்முடி நகரத்தை மட்டும் யாரும் இன்னும் காணவில்லை.

சென்ற முறை விடியலில் கடற்கரைக் கோயிலருகே நின்றிருந்தேன். வலையை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம், "ஐயா, முழுகிப் போன கோயிலெல்லாம் எங்கே?" என்று கேட்டேன். அவர் கையை நீட்டிக் கடலைக் காட்டினார். ராஜா கட்டியது, தேவர்கள் அழித்தது என்று கதையும் சொன்னார். "அந்த ராஜாவை விரும்பிய பெண்ணின் பெயர் என்ன?" என்றேன்.

அவர் சற்று நேரம் யோசித்தார். "பொண்ணா? எந்தப் பொண்ணு?" என்றார்.