சாரல் வருமுன் சுவிட்சு போர்டைக் கவனியுங்கள்



ஜூன் பிறந்தால் தென்காசியும் இலஞ்சியும் மேலகரமும் சாரலில் நனையத் தொடங்கிவிடும். பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் குளிக்க வருகிறவர்களால் குற்றாலத்து விடுதிகள் நிரம்பும். சீசனுக்கு வாடகைக்கு விட்ட மாடி அறைகளும் நிரம்பும். நம் ஊருக்குப் பிழைப்பு தரும் இந்த மாதங்களில் வீட்டு வயரிங்கின் பாடுதான் பெரும்பாடு. நாலு பேருக்காகப் போட்ட வயரில் பத்துப் பேர் வெந்நீர் போடுகிறார்கள், சமைக்கிறார்கள், போன் சார்ஜ் ஏற்றுகிறார்கள், ஈரத்துணி காய விடிய விடிய ஃபேன் ஓடவிடுகிறார்கள்.

ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். 6 ஆம்பியர் பிளக் பாயின்ட் தாங்குவது சுமார் 1,380 வாட். வெந்நீர் ராடு ஒன்றே 1,500 வாட் இழுக்கும். இண்டக்‌ஷன் அடுப்பு 2,000 வாட். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகினால் 15 ஆம்பியருக்கு மேல் ஓடும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வயரில் பிறக்கும் சூடு நான்கு மடங்காகும். ஆகவே ராடு, அடுப்பு, ஹீட்டர், அயர்ன் பாக்ஸ் எதுவானாலும் 16 ஆம்பியர் பாயின்ட்டில் தனித்தனியாகவே இருக்கட்டும்.

'எங்கள் வீட்டில்தான் எம்.சி.பி. இருக்கிறதே' என்று நீங்கள் நினைக்கலாம். அளவுக்கு மேல் மின்னோட்டம் போனாலோ, ஷார்ட் சர்க்யூட் ஆனாலோ அது விழுந்துவிடும், உண்மைதான். ஆனால் தளர்ந்த திருகாணி அதற்குத் தெரியாது. ஈரக்காற்றில் செம்பு முனைகளில் களிம்பு ஏறும். திருகாணி இளகும். அந்த இடத்தில் அரை ஓம் தடை உண்டாகி 10 ஆம்பியர் ஓடினால் 50 வாட் சூடு பிறக்கும். ரேடியோ மெக்கானிக் ஈயம் உருக்கும் 25 வாட் சூட்டுக்கோல் இரண்டை போர்டுக்குள் வைத்து மூடியதற்குச் சமம் அது. மின்னோட்டம் கூடாததால் எம்.சி.பி. விழாது. பிளாஸ்டிக் மெல்ல மெல்லக் கருகும். பழைய மரப்பலகை போர்டாக இருந்தால் பற்றிக்கொள்ளும்.

நல்லவேளையாக, இந்தத் தீ முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வரும். போர்டில் 'சர்சர்' என்ற சத்தம், மீன் கவிச்சி போன்ற கருகல் வாடை, மஞ்சள் பாய்ந்த சாக்கெட், மினுக்கும் விளக்கு, கழற்றியதும் கையைச் சுடும் பிளக் ஆகியவைதான் அடையாளங்கள். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த பாயின்ட்டை நிறுத்திவிட்டு, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எம்.சி.பி. அடிக்கடி விழுகிறதென்று பெரிய எம்.சி.பி. மாட்டாதீர்கள். பியூஸ் கட்டையில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றாதீர்கள். வயரைக் காக்கும் காவலைப் பிடுங்கி எறிவதற்குச் சமம் அது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் அவசியம் வேண்டும். ஈரச் சுவர் வழியே மின்சாரம் கசிந்தால் நொடியில் துண்டித்து உயிரைக் காப்பது அதுதான்.

2024 செப்டம்பர் 12ஆம் தேதி அதிகாலை மதுரை கட்ராபாளையத்தில் ஒரு பெண்கள் விடுதியில் தீப்பிடித்தது. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து கிளம்பிய தீயும் புகையும் இரண்டு பெண்களின் உயிரைப் பறித்தன. தூங்குகிறவர்களைத் தீயைவிட முன்னதாகப் புகை எட்டிவிடுகிறது. ஆகவே எலக்ட்ரிக் ஸ்கூட்டரை வாசல் நடையிலோ மாடிப்படிக்குக் கீழேயோ இரவெல்லாம் சார்ஜ் போட்டு வைக்காதீர்கள். அதன் பேட்டரி பற்றிக்கொண்டால் தப்பி ஓடும் வழியே அடைபட்டுவிடும். அறைகளை வாடகைக்கு விடுகிறவர்கள் மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறதென்று வந்து தங்குகிறவர்களுக்குக் காட்டிவிடுங்கள்.

தீப்பிடித்துவிட்டால் முதலில் மெயினை அணையுங்கள். மின்சாரம் ஓடும்போது தண்ணீர் ஊற்றவே கூடாது; உலர்ந்த மணல் அல்லது பவுடர் தீயணைப்பான் போதும். மெயினை நெருங்க முடியாவிட்டால் எல்லோரும் வெளியேறி 101ஐ அழையுங்கள். கம்பத்திலோ சர்வீஸ் வயரிலோ பொறி பறந்தால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. மீட்டருக்கு இந்தப் பக்கம் உள்ள வயரிங் முழுக்க நம் பொறுப்பு.

நேயர்களே, சீசனுக்கு முன் அறைக்கு வெள்ளை அடிக்கிறோம், குழாய் மாற்றுகிறோம். அதே வாரத்தில் ஒரு எலக்ட்ரீஷியனை அழைத்து ஒவ்வொரு போர்டின் திருகாணியையும் முறுக்கச் சொல்லுங்கள். ஒருநாள் கூலிதான் செலவு. உங்கள் வீட்டில் தூங்குகிறவர்களுக்காக இந்த ஆண்டே அதைச் செய்துவிடுங்கள்.