எந்த ட்ரேடு என்று கேளுங்கள்

தோழர்களே, 'பையனை ஐடிஐ-ல சேர்த்தாச்சு'ன்னு சொல்லி நாமே கைகழுவிடுறோம். ஃபிட்டரா, எலக்ட்ரீசியனா, டர்னரா? யாராவது கேட்டோமா?

கலை, சட்டப் படிப்பு மட்டும் நம் மக்களுக்குப் போதாது, உயர்தர அறிவியல், தொழில்நுட்பக் கல்விக்கு உதவித்தொகை வேண்டும் என்று 1942-லேயே வைஸ்ராயிடம் மனுக் கொடுத்தவர் அண்ணல் அம்பேத்கர். இன்றைய போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு வேர் 1944-ல் இருக்கிறது.

ஐடிஐ முடிச்சவன் பாலிடெக்னிக் இரண்டாமாண்டில் நேரடியாச் சேரலாம். டிப்ளமோ முடிச்சா பொறியியல் இரண்டாமாண்டு. இந்தப் படிக்கட்டைச் சேரிப் பிள்ளைக்குக் காட்ட ஆளில்லை. 1961 அப்ரண்டிஸ் சட்டப்படி பயிற்சி இடங்களில் பட்டியல் சாதிகளுக்கு முதலாளி இடம் ஒதுக்கியாகணும். கம்பெனி வாசலில் நின்று அதைக் கேட்ட சங்கம் எத்தனை? சம்பள உயர்வுக்கு மட்டும் கொடி பிடிப்பாங்க!

படிச்சவங்க பயிற்றுநர் வேலைக்கும் போகணும். சென்னை கிண்டியில் தேசியத் திறன் பயிற்சி நிலையம் இருக்கு. பயிற்றுநருக்கான ஓராண்டுப் படிப்பு அங்கே உண்டு. லேத்துப் பக்கத்துல நம்மாளு வாத்தியாரா நின்னா, 'உனக்கெதுக்குடா இந்த ட்ரேடு'ன்னு எவன் கேட்பான்?

பத்தாவது ரிசல்ட் வந்தபிறகு தாலுகா ஆபீசுக்கு ஓடாதீங்க. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் ரெண்டையும் முன்னாடியே வாங்கி வையுங்க. தெருவுக்கு ரெண்டு தோழர் இந்த வேலையை எடுத்துக்கணும். பேர் குடுங்க, எழுதிக்கிறேன்.